உங்கள் வாசலில் விழுந்த தகரம்

அக்கா,

இன்று காலை கூரைத் தகரத்தைச் சட்டத்தோடு இறுக்கும் கொக்கி போல்ட் போட ஆள் வந்திருக்கிறார். தகரத்தில் துளை போடப் போட, சூடான இரும்பு வாடை வீடெல்லாம் பரவுகிறது. தகரம் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தவர், "இத்தன கல்லயும் தலைக்கு மேல வெச்சிக்கிட்டா தூங்குனீங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இதையேதான் நீங்கள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"கல்ல வெச்சா காத்து பயந்துக்குமா கண்ணு? போல்ட்டு போடச் சொல்லு உன் வூட்டுக்காரர."

"ஆடிக் காத்துக்குள்ள போட்டுடலாங்க்கா."

ஒவ்வொரு முறையும் இதே பதில்தான். சித்திரையிலும் காற்று அடிக்கும் என்பது எனக்குத் தெரியாததா என்ன? என் சோம்பலுக்கு ஆடி மாதத்தைக் காவல் வைத்தேன், அவ்வளவுதான்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், நீங்கள் உங்கள் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தீர்கள். கம்பைநல்லூர்ப் பக்கம் வானம் செம்மண் நிறத்தில் எழும்பியது. நான் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினேன். நீங்கள் சுவரோரம் காயப்போட்டிருந்த புளியைச் சாக்கில் அள்ள எழுந்து போனீர்கள். அதற்குள் காற்று வந்துவிட்டது. என் அடுப்படிமேல் கிடந்த தகரம் ஒன்று கிளம்பி, வேலியைத் தாண்டி உங்கள் வாசலில் விழுந்தது. அதன் மேலிருந்த கல் நேராக என் சோற்றுப் பானைக்குள் இறங்கியது. அங்கே உங்கள் வாசலில், நீங்கள் உட்கார்ந்திருந்த பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

ஓடி வந்தேன். நீங்கள் புளிச்சாக்கை மார்போடு அணைத்தபடி சுவரில் ஒட்டி நின்றிருந்தீர்கள். அதை நான் பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டும்தான் கேட்டேன்.

"தகரம் போச்சாங்க்கா?"

நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவல கண்ணு, ஓரந்தான் நெளிஞ்சிருக்குது" என்றீர்கள்.

மறுநாள் என் கணவர் அதை நிமிர்த்தி அடித்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டதும் நீங்கள்தான். "உன் வூட்டுக் கூரைக்கு எம்மேல அவ்ளோ பாசம். தேடிக்கிட்டு வந்துடுச்சு பாரு" என்று கேலி வேறு. எல்லோரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "நேத்து மழையில புளி நனஞ்சுடுச்சாங்க்கா?" என்றுதான் வந்தது. பிறகு தகரத்தை ஏற்றி, வெட்கமில்லாமல் அதே கற்களை அதன்மேல் வைத்தோம். அதற்கப்புறம் நீங்கள் போல்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை. புளி தட்டும் இடத்தை மட்டும் வீட்டுக்குப் பின்பக்கம் மாற்றிக்கொண்டீர்கள். அங்கே வெயில் நேராக அடிக்கும். அதையும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தை மாதம் நெஞ்சு வலி என்று உங்களைத் தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை. சொல்ல ஒன்பது மாதம் இருந்தது, இடையில் ஒரு வேலிதான் இருந்தது. நான் சொல்லவில்லை.

காரியத்தன்று உங்கள் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெங்களூரிலிருந்து வந்து தூங்காத கண்கள்.

"அன்னிக்குக் காத்துல அம்மாவப் பாக்க மொதல்ல ஓடியாந்தது நீங்கதானாமே சித்தி. போன்ல பேசறப்பல்லாம் சொல்லும். பக்கத்துல நீங்க இருக்கீங்கன்னுதான் நானும் தைரியமா இருந்தேன்."

சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த அந்த நல்ல பெயரோடுதான் இன்னும் இந்தத் தெருவில் நடக்கிறேன். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உங்களிடமாவது ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஓடி வந்தது நிஜம் அக்கா. தகரத்தைப் பார்க்கத்தான் ஓடி வந்தேன்.