வலப்பக்கச் சுடுதண்ணீர்

என் அன்பானவளுக்கு,

இங்கே நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் கவலை. இதை உன் அக்கா உனக்குப் படித்துக் காட்டுவார். நடுவில் என்னைத் திட்டும் வரி ஏதாவது வந்தால் அது நான் எழுதியதில்லை, அவருடைய சொந்தச் சரக்கு.

பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் கையை விரித்து நாலு மாதம் ஆகிறது. அக்கா வீட்டுக்குப் போனவள், "நம்ம வீட்டுக்கு வந்தா உங்களுக்குப் பாரமாத்தான் இருப்பேன்" என்று போனில் சொல்லிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

குளியலறை ஷவர் ஒழுகி ஒழுகித் தரையெல்லாம் பாசி பிடித்திருந்தது. நீ வந்தால் வழுக்கக் கூடாதே என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். பழைய குழாய்களைக் கழற்றி, தேய்ந்த வாஷர்களை மாற்றி, ஷவர் துளைகளை அடைத்திருந்த உப்பை வினிகரில் ஊறவைத்து எடுத்தார். தரை காய்ந்து கிடந்ததைப் பார்த்து, நானே வேலை செய்ததுபோல் பெருமைப்பட்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் பச்சைத்தண்ணீருக்கு இடப்பக்கத் திருகைத் திறந்தேன். முதலில் குளிர்ந்துதான் வந்தது. சோப்பு போடுவதற்குள் முதுகு வெந்துவிட்டது. பயப்படாதே, மருந்து போட்டாயிற்று. பிளம்பர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இடப்பக்கம் சுடுதண்ணீர், வலப்பக்கம் பச்சைத்தண்ணீர் என்று முறைப்படி மாற்றியிருக்கிறார். இருபது வருடத்துக்கு முன்னால், இதற்கெல்லாம் ஆள் எதற்கு என்று நானே குழாயைப் பொருத்தி இரண்டையும் இடம் மாற்றி வைத்தேனே, அது ஒரே நாளில் திருந்திவிட்டது. அதற்காகத்தானே நீ எனக்குக் 'கோணல் மேஸ்திரி' என்று பேர் வைத்தாய்!

எரிச்சலோடு நின்றபோதுதான் உறைத்தது. அங்கே நீ நின்றிருந்தால்? உன் கை பழகிய பக்கம்தானே போயிருக்கும். ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா, இந்த வரியைத் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

பிளம்பரை மறுபடி கூப்பிட்டுப் பழையபடியே மாற்றச் சொன்னேன். "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார், இப்பதான் சரியா இருக்கு" என்று வாதாடினார். "எங்க வீட்டம்மா கைக்கு இது தப்பு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டே மாற்றினார். சுடுதண்ணீருக்கு உன் விரல் அடையாளம் வைத்திருந்த, விளிம்பு உடைந்த பழைய திருகையும் குப்பையிலிருந்து பொறுக்கி, வலப்பக்கமே போட வைத்தேன்.

பிறகு உன் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு குளித்துப் பார்த்தேன். தண்ணீர் சரியாக வந்தது. சோப்புதான் மூன்று தரம் ஓடிப்போனது. சுவரில் அதற்கொரு கூடை மாட்டிவிட்டேன். என் முட்டியைப் பதம் பார்த்த வாளி இப்போது வெளியே இருக்கிறது.

நீ பாரம் என்கிறாய். இந்த வீட்டில் விளக்கே போடாமல் எது எங்கே என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு நான் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியோடு வருகிறேன். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் செய்த தப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது. வந்து வாய் நிறையத் திட்டு.

உன்,
கோணல் மேஸ்திரி