நட்டுக்கு உள்ளே நின்ற மரை

செஞ்சி. அமாவாசைக்கு முதல் நாள், இரவு.

மேல்மலையனூர் குடிநீர்க் குழாயில், இரண்டு குழாய்களைத் தட்டோடு தட்டாகச் சேர்க்கும் ஃபிளேன்ஜ் ஜாயின்ட்டை இன்று முடித்தோம். காலையில் மோட்டார் போட வேண்டும். அமாவாசைக்குக் கோயிலுக்கு வரும் கூட்டம் அந்தக் குழாயடியில்தான் நிற்கும்.

தட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு ரப்பர் கேஸ்கெட் வைக்க அளந்துதான், அவற்றை முடுக்கும் ஸ்டட் கம்பிகளை வெட்டி வாங்கினேன். ஃபிட்டர் பாஷா பாய், ஒழுகக் கூடாதென்று இரண்டு கேஸ்கெட்டை வைத்து முடுக்கிவிட்டார். நட்டைத் தாண்டி மரை கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். அடிப்பக்கம் தடவிப் பார்த்தேன். தடிமன் கூடியதில் ஸ்டட்டின் முனை நட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

“இன்னா மேடம், டைட்டாத்தான் இருக்குது. ரெண்டு போட்டா நல்லதுதானே? டென்ஷன் ஆவாதீங்க” என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பாதி மரை எவ்வளவு அழுத்தம் தாங்கும்?

பொறுக்க முடியாமல் சற்றுமுன் அவருக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

“நானும் தூங்கல மேடம். அந்த ஜாயின்ட் கிட்டத்தான் நிக்கிறேன்.”