பத்துத் தடவை மட்டும்

அக்கா,

இன்று காலை ஈரத் துண்டைப் பிழியும்போது வலது மணிக்கட்டில் 'சொடக்'கென்று ஒரு சத்தம். மழைக்காலம் வந்தால் அப்படித்தான். வலி ஒன்றுமில்லை, உங்கள் நினைவுதான் வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் இப்படி ஒரு மழையில்தான் தேயிலைச் சரிவில் கூடையோடு வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்: "தீபாவளி வரைக்கும் பாக்குறேம்மா. கொழுந்து பறிக்க முடியலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. வீட்டையும் விடணும்." கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த எனக்கு, தோட்டத்தில் கொடுத்திருந்த அந்த லைன் வீட்டை விட்டால் போக்கிடம் ஏது?

ஈரத் துணியை நாளுக்கு நூறு தடவை பிழியச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு நாள் அழுதுகொண்டே பிழிந்தேன். மூன்றாம் நாள் துணியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த நீங்கள் மறுநாள் விடியலில் நனைத்த துண்டோடு வந்து நின்றீர்கள்.

"நூறு வேணாம்லா. பத்துத் தடவ மட்டும். தேத்தண்ணி கொதிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

தினமும் வந்தீர்கள். கேத்தலை அடுப்பில் வைத்தாலே கை தானாகத் துண்டைத் தேடத் தொடங்கியது. பத்து சில நாள் முப்பதாகியும் போனது. அப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல். நான்கு நாள் விட்டுப்போனது. உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். தட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

"எல்லாம் போச்சுக்கா."

"நாலு நாள்தானே போச்சு? கை இருக்குலா. புடி."

தீபாவளிக்கு முன்பே கொழுந்து பறிக்க மலைக்கு வந்துவிட்டேன். முதல் நாள் அரைக்கூடைதான் தேறியது. மறுநாள் கிராணி என் பெயரைக் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் நீங்கள் "இருக்கா, இருக்கா!" என்று கத்திவிட்டுச் சிரித்தீர்கள்.

பிறவியிலேயே நீங்கள் திடமானவர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அதைச் சொன்னபோது தலைத்துணியை அவிழ்த்தபடி பேசினீர்கள்.

"எம் புள்ள செத்த வருசம் பாயை விட்டு எந்திரிக்கவே முடியல. தெனம் தலைய மட்டும் சீவிக்கணும்னு வச்சிக்கிட்டேன். வேற எது செய்யலன்னாலும் அது மட்டும். ஒரு நாளு சீவிட்டு அப்படியே வெளிய வந்துட்டேன்."

உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது, அக்கா.

எண்பதுகளின் கடைசியில் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்கு மணி அடித்தும் நான் படுத்தே கிடந்தேன். மகள் பயந்துபோய், "என்னம்மா வேணும்?" என்றாள்.

"சீப்பை எடுத்துட்டு வா" என்றேன்.

அழுதுகொண்டேதான் சீவினேன். இப்போதும் சில நாள் மனம் ஒடிந்து, சீவாமலே விட்டுப்போகிறது. மறுநாள் எழுந்து சீவிக்கொள்கிறேன்.