எண்பத்திரண்டு டிகிரியில் திறக்க வேண்டியது

ஏப்ரல் 12, 2004. திங்கள்
காலை எட்டுக்கே சுள்ளென்று வெயில். லீவு. கார் வாசலில், பானெட் திறந்தபடி. வீட்டில் நான் மட்டும். நாலாவது நாள்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். வியாழக்கிழமை காலை, மாமனார் தவறிவிட்டார் என்று இருக்கன்குடிப் பக்கத்திலிருந்து போன். ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்குள் எடுத்துவிடுவோம், சீக்கிரம் வாங்க என்றான் மைத்துனன். நானும் ராஜியும் காரில் கிளம்பினோம். சாத்தூருக்கு முன்னாலேயே சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. ஆவி. ஓரம் கட்டினேன்.

"பஸ்ஸுக்குக் கை காட்டுங்க" என்றாள் ராஜி. "பத்து நிமிஷம். ஆறிரும்" என்றேன். மூன்று முறை சொன்னேன். நாலு பஸ் போனது. காரை ரோட்டில் விட்டுப்போக மனசு வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது தூக்கிவிட்டிருந்தார்கள். நான் சுடுகாட்டுக்கு ஓடினேன். முகத்தை மூடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் போய்விட்டேன். பெண்கள் அங்கே வரும் வழக்கம் இல்லை. ராஜி தெருமுனையோடு நின்றுவிட்டாள். பெற்ற மகள் பார்க்கவில்லை, மருமகன் பார்த்தேன்.

அவள் அங்கேயே தங்கிவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் 23-ஆம் தேதி. அதற்குப் பிறகு வருவாளா என்று கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஏப்ரல் 13
மெக்கானிக் காசி வந்தார். இந்த வருஷம் அவர் கையால் மாற்றியவை: ஃபேன் பெல்ட், மேல் ஹோஸ், வாட்டர் பம்ப். ரேடியேட்டர் கழற்றிச் சுத்தம். எல்லாம் சரி. மிச்சம் ஒன்றுதான்.

தெர்மோஸ்டாட். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வால்வு. தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு வழி விட வேண்டும். மூடியபடியே இறுகிக் கிடந்தது. அன்றைக்கு ரோட்டில் ரேடியேட்டரைத் தொட்டபோது வெதுவெதுப்புகூட இல்லை. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் எந்தப் பழைய வண்டியிலும் அது கிடையாது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ஜனவரியில் காசியும் அதைத்தான் சொன்னார். நான் விடவில்லை. புத்தகத்தைக் காட்டினேன். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, டீசல் தின்னும், தேயும். எல்லாம் உண்மைதான்.

"அன்னைக்கே புடுங்கிப் போட்டிருந்தா அக்கா அவுக அப்பா மொகத்தப் பாத்திருப்பாக சார்" என்றார் காசி, கையைத் துடைத்துக்கொண்டே. குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

ஏப்ரல் 15
புது வால்வு மதுரையிலிருந்து வந்துவிட்டது. பால் பாத்திரத்தில் தண்ணீர். பழையதையும் புதியதையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டிலும் 82 என்று பொறித்திருக்கிறது. தண்ணீர் தளதளக்கும் முன்பே புதியது மெல்லத் திறந்தது. பழையது அசையவே இல்லை. அடுப்பை அணைத்தேன். புதியது மூடியது. மறுபடி பற்ற வைத்தேன். ஐந்து தடவை பார்த்தேன். "இங்க வந்து பாரு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

காபி போடவில்லை. பாத்திரத்தில் எண்ணெய் வாடை. அவள் இருந்தால் நல்ல ஏச்சு கிடைத்திருக்கும்.

ஏப்ரல் 17
மைத்துனன் வீட்டுக்குப் போன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போன் செய்தேன். வால்வில் ஆரம்பித்தேன். உள்ளே இருக்கிற மெழுகு எப்படி விரிகிறது, எப்படி இறுகுகிறது, எத்தனை வண்டியில் இப்படி. ராஜி "ம்" போட்டாள். அப்புறம் "ம்"மும் இல்லை.

"கேக்குதா?"

"கேக்குது. சாப்பிட்டீகளா?"

"ஆச்சு." (இல்லை.)

"வச்சிரட்டா?"

மன்னிப்பு கேட்கவில்லை. நியாயம் என் பக்கம் என்று நிரூபிக்கவே பிறந்தவன் நான். லேபிள் அச்சாபீசில் அதற்குத்தான் சம்பளம்: ஒரு நூல் கலர் விலகினாலும் ஷீட்டைத் தள்ளுபடி செய்வது. வீட்டிலும் அதே வேலை.

ஏப்ரல் 20
சிவகாசி பஸ். முன் சீட்டில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற இருவர்.

"ஒங்க வீட்டுக்காரரு பேசுவாராக்கா?"

"பேசுவாரே. டிவியோட."

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

சாயங்காலம் காசி புது வால்வைப் போட்டார். சூலக்கரை வரை போய்வந்தேன். ஊசி நடுவில் நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பக்கத்து சீட் காலி.

வாங்க வேண்டியது: வேட்டி, துண்டு, மைத்துனனுக்குத் தலையில் கட்டப் புது உருமா. எடுத்துப்போக: ராஜியின் நீலச் சேலை, கேட்டிருந்தாள். அயர்ன்.

ஏப்ரல் 23, வெள்ளி
காரியம் நல்லபடி முடிந்தது. கார் ஒரு குறையும் வைக்கவில்லை. மைத்துனனுக்கு உருமா கட்டினார்கள், சாப்பாடு, கூட்டம் கலைந்தது. மூன்று மணிக்கு ராஜி கொல்லைப்பக்கம் தனியாக நின்றாள். போனேன். மன்னிச்சிரு என்றேன், வால்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல். தலையாட்டினாள். அப்புறம் கேட்டாள்:

"அப்பா மொகம் எப்படி இருந்துச்சு?"

பதினைந்து நாளில் இதை நானாகச் சொல்லியிருக்க வேண்டும். உண்மை என்னவென்றால் எனக்கு ஞாபகம் இல்லை. அங்கே நின்றபோதும் ரேடியேட்டர் ஏன் குளிர்ந்திருந்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தூங்குற மாதிரிதான் இருந்துச்சு. நெத்தியில திருநீறு. காசு."

"மூக்குக்கண்ணாடி போட்டு விட்டிருந்தாகளா? அது இல்லாம அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

ஆசையாகக் கேட்டாள். "போட்டிருந்தாக" என்றேன்.

உள்ளே போய்த் தன் கைப்பையை எடுத்துவந்தாள். விருதுநகர் கடையில் லென்ஸ் மாற்றி வாங்கிய அவருடைய கண்ணாடி, உறையோடு. அன்றைக்குக் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"நீங்க கெளம்புங்க" என்றாள்.

கிளம்பினேன்.