ஹேமியின் ஏழு குப்பிகள்

ஆக்லாந்து,
பிப்ரவரி 19.

மதிப்பிற்குரிய மெரியானா அவர்களுக்கு,

வணக்கம். பதினோரு மாதமாக வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அது போதும் என்று இன்று காலை தோன்றியது. நீங்களும் உங்கள் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஊர் ஓபோட்டிகி பக்கம் இந்த வாரம் கனமழை என்று செய்தியில் சொன்னார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பி ஹேமியின் ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் நாங்கள் அழிக்கவில்லை. ஏழு குப்பிகள். இரண்டாம் தொட்டி, நான்காம் அடுக்கு, பதினோராம் பெட்டி. திரவ நைட்ரஜனில் உறைந்தபடி அப்படியே இருக்கின்றன.

போன மார்ச்சில் உங்களிடம் அழித்துவிட்டோம் என்று சொன்னவன் நான்தான். முகம் நினைவிருக்கலாம். பெயர் தெரிந்திருக்காது. பெயர் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வரவேற்பறைக்கு வந்தேன்.

ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்காக நோயாளிகள் தரும் மாதிரிகளுக்கு எண் கொடுத்து உறைய வைப்பது என் வேலை. யாருக்கு நோய் திரும்பியது, யார் எந்தத் தேதியில் இறந்தார் என்று கணினியில் ஏற்றுவதும் நான்தான். இருபத்திரண்டு வருடம். சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், மிச்சமிருப்பதை என்ன செய்யலாம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். வழக்கம்போல எரிப்பது ஒன்று, மாவோரி மக்களுக்காக ஜெபம் சொல்லி எரிப்பது இரண்டு, குடும்பத்திடம் திருப்பித் தருவது மூன்று.

ஹேமியிடம் நான்தான் படித்துக் காட்டினேன். மஜ்ஜை எடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மர லாரி ஓட்டிய அந்த உடம்பு கட்டிலில் குப்புறக் கிடந்தது. "எலும்புல இருந்ததை எல்லாம் உறிஞ்சிட்டீங்க ப்ரோ, இனி எலும்போட கீரையைப் போட்டுக் கொதிக்க வெச்சா மதியச் சாப்பாடு ரெடி" என்றார். சிரித்ததில் அவருக்கே வலித்தது. பிறகு சொன்னார்: "மூணாவதுல டிக் போடு. எங்க பெரியம்மா என்னை எண்ணிப் பாத்துதான் மண்ணுல வைக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் உன்னைத் தேடி வந்துடும், பாத்துக்க."

வந்தார். அடக்கம் முடிந்து ஆறு வாரத்தில், நான்கு மணி நேரம் வண்டியில், உங்களோடு.

நீங்கள் வரப்போவதாகத் தொலைபேசியில் சொன்ன அன்றே எங்கள் பேராசிரியர் ஹாலம் என்னை நடைவழியில் நிறுத்தினார். ஹேமியின் செல்கள் கண்ணாடித் தட்டில் மாதக் கணக்கில் சாகாமல் பெருகின. அது அபூர்வம். "மூணை ஒண்ணாக்கிடு" என்றார். "செத்தவன் வந்து கேக்கவா போறான்?" வருவது அக்கா என்றேன். "அப்ப அக்காகிட்ட அழிச்சாச்சுன்னு சொல்லு. இதுக்கும் நான் பாடம் எடுக்கணுமா உனக்கு?"

மேசைக்குப் போய் மூன்றை அழித்து ஒன்று என்று அடித்தேன்.

உங்கள் கையில் ஐஸ் பெட்டி இருந்தது. பெரியம்மா குப்பிகளை வைக்கத் தானே பின்னிய நார்ப்பையை மடியில் வைத்திருந்தார். "எரிக்கும்போது யாராச்சும் ஜெபம் சொன்னாங்களா தம்பி?" என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். "யாரு?" உங்கள் ஆட்களில் ஒருவர்தான் என்றேன். அதை ஹாலம் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. பெரியம்மா வழிக்குக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு ரொட்டியை எடுத்து நீட்டினார். "சொன்னவருக்கும் ஒரு துண்டு குடு" என்றார். தேநீர் நேரத்தில் முழுவதையும் வெண்ணெய் தடவி நானே தின்றேன். நன்றாக இருந்தது.

வருந்தினேன் என்று எழுதினால் இன்னொரு பொய்யாகும். செவ்வாயும் வெள்ளியும் நைட்ரஜன் நிரப்பும்போது அந்த அடுக்கைத் தூக்கிப் பார்ப்பேன். ஏழும் இருக்கும். மூடிவிடுவேன்.

என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஹேமியின் செல்களை வைத்து ஹாலம் வெளியிட்ட கட்டுரையில் பதினான்கு பெயர்கள். என் பெயர் இல்லை. எனக்கு வர வேண்டிய பதவி எட்டு வருடத்துக்கு முன்பு அவருடைய மாணவிக்குப் போனது. குப்பியில் எந்தப் பக்கம் லேபிள் ஒட்டுவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். இப்போது தொட்டிகள் மார்ச் 12 அன்று மெல்பர்னுக்குப் போகின்றன. அன்றோடு எனக்கும் வேலை இல்லை. இந்தக் கடிதத்தை எழுதுவது மனசாட்சியா, வன்மமா என்று எனக்கே தெரியவில்லை. எதுவானாலும் குப்பிகள் ஏழுதான்.

கடல் தாண்டிவிட்டால் திரும்பி வராது. அதனால் தாமதிக்காதீர்கள். படிவத்தின் மஞ்சள் நகல் ஹேமியிடம் கொடுத்தது, வீட்டில் இருக்கும். அதை வைத்து மருத்துவமனையின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். ஹாலமுக்கு எழுதாதீர்கள். அழித்துவிட்டோம் என்பார்கள். அழித்ததற்கான பதிவைக் கேளுங்கள். அப்படி ஒன்று கிடையாது. பிறகு, மூன்று எப்போது ஒன்றானது, மாற்றியது யார் என்று கேளுங்கள். அந்த மாற்றப் பதிவைக் கணினி அழிக்க விடாது. தேதி, நேரம், பெயர் எல்லாம் இருக்கும்.

நானே எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. துணிவில்லை.

இந்த வருட ஈஸ்டரில், கல்லறைக் கல்லை மூடிய துணியை விலக்கும் சடங்கு நடக்கும் என்று அன்று சொன்னீர்கள். அதற்குள் அவர் முழுதாக வந்து சேரட்டும். பெரியம்மா எண்ணிப் பார்க்கட்டும். ஜெபம் யாரும் சொல்லவில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த முறை அவரே சொல்லட்டும்.

பெயர் எழுத இரண்டு முறை பேனாவை வைத்தேன். முடியவில்லை. இப்படியே உறையில் போட்டு, மூலைக் கடைத் தபால் பெட்டியில் சேர்க்கப் போகிறேன். அந்த மாற்றப் பதிவைக் கேட்டு வாங்கும்போது, மாற்றியவர் என்ற இடத்தில் இருக்கும் பெயரை இங்கே கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,