சாவி என் டிராயரில்

ஜூலை 14, திங்கள்

மேகமூட்டம். காற்று மட்டும், மழை இல்லை. பெட்ரோல் பங்க் முழுக்கப் புழுதி.

6.40க்கு லோடு லாரி. டேங்கில் அளவுகோல் விட்டு டிப் பார்த்து இறக்கி முடிக்க எட்டரை. காற்றடிக்கும் மெஷின் மறுபடி ரிப்பேர். ஆளுக்குச் சொல்ல வேண்டும். இடது பக்கப் பல்வலி.

பத்து மணிக்குக் கழிவறை அடைப்பு. இந்த வருடம் மூன்றாவது தடவை. ப்ளம்பர் கம்பி விட்டு இழுத்தார். வந்தது நாப்கின், நாலைந்து. தரையில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெட்ரோல் போடும் மாரி எட்டிப் பார்த்துச் சிரித்தான். வண்டியோடு நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பெண்கள் இங்கே இரண்டே பேர். தனலட்சுமி (தனம்): ஆரப்பாளையம், நாற்பது இருக்கும், நாலு வருட வேலை. நூர்ஜஹான்: கோரிப்பாளையம், சேர்ந்து ஒரு வருடம். இருவரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, யார் வேலை என்று கேட்டேன். கதவு திறந்தே இருந்தது. வாசலில் மாரி. தனம் பீரோவில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி நின்றாள். நூர்ஜஹான்தான் வாய் திறந்தாள். "நான்தான் சார்."

முதலாளிக்கு போன். இன்னொரு தடவை நடந்தால் பொம்பளை ஆளே வேண்டாம், ரெண்டு பேரையும் நிறுத்திவிட்டு ஆம்பளைப் பையன்களைப் போடு என்றார்.

பிரிண்ட் எடுத்துக் கதவில் ஒட்டினேன். "பெண்கள் கவனத்திற்கு: கழிவறைக்குள் கண்ட பொருட்களைப் போடக் கூடாது." செலோடேப் தீர்ந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். காற்று அப்படியே.

நூர்ஜஹான் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். பெட்ரோல் போடும் நாசில் ஒன்று மூடல். ஸ்கூல் நேரத்தில் வரிசை ரோடு வரைக்கும். இரண்டு பக்கத்தையும் தனம் ஒருத்தியே பார்த்தாள். முகம் வெளுத்துப்போய் இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

ஷிஃப்ட் முடிந்து கழிவறைச் சாவியைக் கொடுக்க வந்தவள் போகாமல் நின்றாள். என்னம்மா என்று கேட்டேன்.

"அண்ணே, போடக் கூடாதுன்னு எழுதிட்டீக. எங்க போடணும்னு எழுதலையே."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனபின் அந்தக் கழிவறைக்குள் போய்ப் பார்த்தேன். ஆறு வருட மேனேஜர். உள்ளே போனது இன்றுதான். நமக்கு ஆபீஸுக்குப் பின்னால் தனி.

- தாழ்ப்பாள் உடைசல். கயிறு கட்டியிருக்கிறார்கள்.
- பல்பு இல்லை.
- மாட்ட ஓர் ஆணி இல்லை. கையில் இருப்பதை ஈரத் தரையில்தான் வைக்கணும்.
- குப்பைக்கூடை இல்லை.
- சாவி என் டிராயரில். போக வேண்டும் என்றால் எல்லார் முன்னாலும் என்னிடம் வந்து கேட்க வேண்டும். "இப்பத்தானம்மா போயிட்டு வந்த" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், தெரியாது.

சாயங்காலம் சாந்தியிடம் கேட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறாள். அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டதும் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாடம் சொல்வதுபோல் சொன்னாள். நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், முதல் இரண்டு நாள் இன்னும் சீக்கிரம். மாற்றாவிட்டால் புண்ணாகும். இடுப்பு வலி தொடை வரை இறங்கும். அவர்கள் பள்ளிக்கூடத்திலும் டீச்சர்கள் பாத்ரூமில் கூடை கிடையாது.

அப்போ எங்கே போடுவாய்?

"பேப்பர்ல சுத்தி டிபன் பையிலயே வீட்டுக்குக் கொண்டாந்துருவேன்."

அந்தப் பையைத் தினமும் பஸ் ஸ்டாப்பில் வாங்கி ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டுவது நான்.

ஜூலை 16, புதன்

பல் டாக்டரிடம் போகவில்லை. நாளை.

பேருக்கு இரண்டு துளி தூறல். ஆரப்பாளையம் போய் மூடி வைத்த கூடை (காலால் மிதித்தால் திறப்பது), தாழ்ப்பாள், பல்பு, ஆணி வாங்கினேன். பிறகு மெடிக்கல். நாலு விதம் எடுத்து வைத்துவிட்டு, எது வேண்டும், வீட்டுக்கா என்றார் கடைக்காரர். பங்குக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாந்திக்கு போன் பண்ணிக் கேட்டு இரண்டு பாக்கெட். கேட்காமலே பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சீட்டுக்கு அடியில் வைத்துதான் கொண்டுவந்தேன். எழுதி வைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

தாழ்ப்பாளை நானே மாட்டினேன். ஸ்குரூ ஒன்று கோணல். பிடிக்கிறது. சாவியை வெளியே ஆணியில் தொங்கவிட்டாயிற்று. நோட்டீஸைக் கிழித்தேன்.

கூடையைத் தினம் எடுத்துக் கட்டி மாநகராட்சி வண்டியில் கொடுக்க வேண்டும் என்று மாரியிடம் சொன்னேன். "அண்ணே, வேற எந்த வேலைனாலும் சொல்லுங்க, செய்றேன்" என்றான். சரி, நானே செய்துகொள்கிறேன்.

தனத்திடம் கூடையைக் காட்டினேன். தலையை ஆட்டினாள். நூர்ஜஹானைப் பற்றிக் கேட்டதும் நாசில் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. சாந்தி பாயசம் வைத்தாள். பல் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்குக் கோரிப்பாளையம். சந்துக்குள் இரண்டாவது மாடியில் நூர்ஜஹான் வீடு. அவள் அம்மா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். மகளுக்குக் காய்ச்சல் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் உள்ளே போனதும் நூர்ஜஹானிடம் சொன்னேன்: அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டது என் தப்பு. வேலைக்கு வா. கூடை வைத்தாயிற்று.

அம்மா போன பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாக, "அது என்னோடது இல்ல சார்" என்றாள்.

பின்னே ஏன் ஒத்துக்கொண்டாய்?

"அக்கா நின்ன நெலயப் பாத்தீங்களா சார்? இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுருந்தா அங்கனயே விழுந்துருப்பாங்க. மாசத்துல இருபது நாளு போகுது அவங்களுக்கு. எட்டு மாசமா."

தனம் ஏன் ஆஸ்பத்திரி போகவில்லை என்று கேட்டேன். லீவு கேட்டால் காரணம் கேட்பீர்கள், உங்களிடம் எப்படிச் சொல்வார்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வந்து பழைய ஷிஃப்ட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மார்ச்சிலும் மே மாதத்திலும் தனலட்சுமி பேருக்கு நேராக என் கையெழுத்தில்: "பம்ப்பில் சாய்ந்து நிற்கிறார். எச்சரித்தேன்."

ஜூலை 18, வெள்ளி

வெயில். காற்றடிக்கும் மெஷின் சரியானது. அழுத்தம் இன்னும் குறைவு.

நூர்ஜஹான் வந்துவிட்டாள். மாரி அவள் பக்கம் போகவில்லை.

பதினோரு மணிக்கு முதலாளி நேரில் வந்தார். கூடையைப் பார்த்து, இது எதுக்கு என்றார். சொன்னேன். தனத்துக்கு உடம்பு சரியில்லை என்பதையும், என்ன சரியில்லை என்பதையும் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"இதெல்லாம் நாம பேசுற விசயமா பாலு?"

"பேசாததுனாலதான் சார் மூணு தடவ அடைச்சிருக்கு."

கார் சாவியை எடுத்தார். கொஞ்சம் கழித்து, ஆள் போட்டுச் சமாளிச்சுக்க, எனக்குத் தெரியாது என்றார். பெண்களை நிறுத்துவது பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார், காரில் ஏறும்போது: தனம் கல்யாணமானவளா? ஆமாம், புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறார் என்றேன்.

தனத்திடம் லீவு கொடுத்தாயிற்று, பெரியாஸ்பத்திரிக்குப் போ என்றேன். வேலை போய்விடுமா என்று மூன்று தடவை கேட்டாள். போகாது என்று மூன்று தடவையும் சொன்னேன். நூர்ஜஹான் சொல்லிவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, கால்குலேட்டரைப் பார்த்துத்தான் பேசினேன். பழக வேண்டும்.

ஜூலை 19, சனி

பல் பிடுங்கியாயிற்று. பேச முடியவில்லை. மதியம் கஞ்சி.

கூடையை நானே கட்டிக் கொடுத்தேன். பேப்பரில் சுற்றி ஒழுங்காக வைத்திருந்தார்கள். வண்டிக்காரம்மா தனியாக வாங்கிக்கொண்டு, "எப்பவும் இப்புடிப் பிரிச்சுக் குடுங்க சார், கையில ஒட்டாம இருக்கும்" என்றார். அந்த அம்மாவின் கையைப் பற்றியும் இதுவரை நினைத்ததில்லை.

ஜூலை 21, திங்கள்

தனத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், ஆறுதான் இருக்கிறதாம், பன்னிரண்டு இருக்க வேண்டியது. அந்த ஆறோடுதான் தினம் எட்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள். ரத்தம் ஏற்ற வேண்டும், பிறகு ஆபரேஷன். பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று நூர்ஜஹான் போனில் சொன்னாள்.

எனக்கு சுகர், பல் வேறு பிடுங்கியிருக்கிறது. என் ரத்தத்தை எடுக்க மாட்டார்கள். பங்கில் எல்லாரிடமும் கேட்டேன். என்ன நோய் என்று மாரி கேட்டான். மறைக்காமல் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். வந்ததும் கேட்டான், "கூடை வேலைய என் தலையில கட்டிர மாட்டீங்கல்லண்ணே?" என்று.

ஜூலை 23, புதன்

மாற்று ஆள் கிடைக்கவில்லை. தனம் நாசிலில் இன்று நான். ஆறிலிருந்து இரண்டு. பத்து மணிக்குமேல் குதிகால் தாங்கவில்லை. உட்கார ஸ்டூல் இல்லை. முதலாளியிடம் இரண்டு ஸ்டூல் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

மதியம் போல் வழக்கமாக வருகிற ஒருவர், ஐம்பது வயதிருக்கும், மனைவியைப் பின்னால் உட்கார வைத்து வந்தார். எங்கே அந்தக்கா, நாலு நாளாகக் காணோம் என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்காங்க என்று வாய் வரை வந்துவிட்டது.

"மாசப்போக்கு நிக்காமப் போயி ரத்தம் கொறஞ்சிருச்சுங்க. பெரியாஸ்பத்திரில சேத்துருக்கு" என்றேன்.

அவர் டேங்க் மூடியைத் திருகி மூடினார். பில் வாங்கினார். கிளம்பவில்லை. பின்னால் ஆரன் அடித்தார்கள். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு, மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இவளுக்கும் இதேதான். எத்தனாம் நம்பர் வார்டுண்ணே?"