தெரு நாய் என்று சொன்னேன், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

போன இடத்தில் உனக்கு நேரத்துக்கு டீ கிடைக்கிறதா? இங்கே உன் முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கிவிட்டது. தம்பி பாபு காலடிப்பேட்டைத் தெருமுனையில் பேனர் கட்டப் போகிறான். மஞ்சள் சட்டையில் நீ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறான். படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதிக் கொடு என்று தினமும் என்னை நச்சரிக்கிறான். குடும்பத்தில் நான்தான் படித்தவளாம்.

எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘அன்பின் சிகரமே’ என்று ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் ஓடவில்லை. உன் படத்தை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருக்கிறது நைனா. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊரே படிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பதறிப்போவாய். காரப்பொடி உயிரோடு இருக்கிறது. இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது. மீன் காயவைக்கிற இடத்தில், காரப்பொடி மீன் குவியலுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்ற குட்டியை லுங்கி மடிப்பில் போட்டு நீ தூக்கி வந்தது நினைவிருக்கிறதா? அந்த மீன் மாதிரியே பொடிசாக இருந்தது, அந்தப் பெயரையே வைத்தாய். படகு கரைக்கு வந்து ஆளாளுக்குக் குழம்பு மீன் பங்கு வைக்கும்போது, “எங்க வூட்ல இன்னொரு ஆளு கீது” என்று அதற்கும் ஒரு கை மீன் கேட்டு வாங்குவாய். படகு ஓட்டும் டிரைவர் கேட்டால் யார் மறுப்பார்கள்?

வருஷம் தவறாமல் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டவனும் நீதான். விடியற்காலையில் ஆட்டோக்காரனோடு சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு, கவர்ன்மென்ட் கால்நடை ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வருவாய். ஆனால் உன் மேலும் ஒரு குறை உண்டு. அங்கே கருத்தடை ஆபரேஷன் பண்ணிவிடச் சொன்னபோது, “அது இன்னா பாவம் பண்ணுச்சு, அத்தப் போய் அறுக்கச் சொல்றியே” என்று சண்டை போட்டுவிட்டுக் கூட்டி வந்துவிட்டாய். அது பாசம்தான். ஆனால் பாசத்துக்கும் பின்னால் ஒரு பில் வரும் நைனா.

இந்த வருஷம் ஊசிக்கு நாள் வந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அப்புறம் காரப்பொடி குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. வெயிலுக்குக் குடிக்கிறது என்று நினைத்தேன். பிறகு மீனைப் போட்டாலும் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வயிறு உப்பி, ஒரு மாதிரி நாற்றம் வந்தபோது உன் மருமகன் சேகர்தான் கவனித்தார். “ஏன்மே, நாயி சரியில்லமே. வா, டாக்டராண்ட காட்டலாம்” என்றார்.

சாயங்காலம் திருவொற்றியூர் மெயின் ரோட்டில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை நாய் சொக்காய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கவுன்டரில் இருந்த பெண் பேஷன்ட் பெயர் என்ன என்று கேட்டாள். நான் என் பெயரைச் சொன்னேன். “உங்க பேரு இல்ல மேடம், நாயோட பேரு” என்றாள். அந்த இடத்தில் காரப்பொடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரோசி என்றேன். சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து ரோசி, ரோசி என்று கூப்பிட்டபோது உன் நாய் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு உடம்பும் சரியில்லை, பெயரும் சரியில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்குங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்தே ஆகணும். முன்னாடியே கருத்தடை பண்ணியிருந்தா இது வந்தே இருக்காது” என்றாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசி, குளுக்கோஸ் என்று அன்றைக்கே ஐயாயிரம் ரூபாய் ஆகிவிட்டது. ஆபரேஷனுக்கும் அதற்குப் பிறகு வைத்துப் பார்ப்பதற்கும் இருபத்தைந்தாயிரம் வரை ஆகும் என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எனக்கு சிசேரியன் பண்ணப்பகூட இவ்ளோ ஆகலையே டாக்டர்” என்றேன். நான் பிள்ளை பெற்றது கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் என்பதைச் சொல்லவில்லை. அவள் கோபப்படவில்லை. “புரியுதுங்க. வேணும்னா கவர்ன்மென்ட் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்க, செலவு ரொம்பக் கம்மியாகும். ஆனா நாளைக்குக் காலைலயே போயிடுங்க” என்றாள். அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை நைனா. நான்தான் அவளைக் கொள்ளைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் சேகர் சொன்னார்: “குட்த்துடலாம்மே. உங்க நைனா மடியில வளந்த நாயி. சீட்டுத் துட்டு கீதுல்ல?”

இருந்தது நைனா. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சீட்டு எடுத்த பணம் அப்படியே பேங்கில் இருந்தது. ஆனால் அதை உன் நினைவு நாளுக்கு என்று ஒதுக்கியிருந்தேன். நூறு பேருக்கு மட்டன் பிரியாணி. சமையல்காரருக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்தாகிவிட்டது. செல்வி அவங்க அப்பாவுக்கு எப்படிச் செய்திருக்கிறாள் பார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் எனக்கு. அதை எடுக்க முடியாது என்றேன்.

“அப்போ உங்க நைனாவுக்கு பிரியாணி, அவரு நாயிக்குப் பட்ட நாமமா?” என்றார்.

பதில் இல்லாதபோது கத்துவது என் வழக்கம், உனக்குத் தெரியாததா? தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்காவது போயிருக்கலாம். கன்டெய்னர் யார்டில் மாசக் கடைசி பில் வேலை, லீவு கேட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார் என்று அதையும் விட்டேன். ஒரு நாள் லீவு! நீ வலை கிழிந்தால் ஒரு வாரம் படகை நிறுத்துவாய்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி வழி சொல்லிக் கொடுத்தாள். தெரு விலங்குகளைக் காப்பாற்றும் டிரஸ்ட் ஒன்று இருக்கிறது, தெரு நாய் என்று சொன்னால் வண்டி வரும், எல்லாம் இலவசம் என்றாள். போன் போட்டேன். எந்த இடம் என்று கேட்டார்கள். நம் தெருவைச் சொன்னால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். நாய்கள் கூட்டமாகத் திரியும் இடம் என்று யோசித்ததில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரிதான் வாயில் வந்தது. அங்கே கல்லுக்கும் மண்ணுக்கும் உன்னைத் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வேலைக்குப் போகிற வழியில் ஆட்டோவில் காரப்பொடியை அங்கே கொண்டுபோனேன். ஆட்டோ போன பிறகு, நீ வலைக்கயிற்றில் பின்னிப் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டையை அவிழ்த்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சோறு ஊட்டிய கையாலேயே அவிழ்த்தேன். மீன் விற்கும் பெண்கள் எல்லாரும் ஏலத்துக்கு உள்ளே போயிருந்த நேரம், நல்லவேளை என்று நினைத்தேன். வண்டியோடு வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். காரப்பொடியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“கவுறு கட்டுன தடம் கீதேம்மா. யாரு வூட்டு நாயி?”

“தெரு நாய்தாங்க. யாராவது கட்டிட்டு அவுத்து விட்டிருப்பாங்க. நான் எப்பவாவது பிஸ்கெட் போடுவேன்” என்றேன். அது என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறது, நான் இப்படிச் சொல்கிறேன். அவர் வண்டிக் கதவைத் திறந்தார். தூக்கி ஏற்றியபோது அது கத்தவும் இல்லை. வருஷா வருஷம் போடும் ஊசிக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ.

அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டது. ஆனால் தெரு நாய்க்கு ஏது பார்க்க வரும் சொந்தம்? நான் போகவில்லை. ‘ஐஸ் ஃபேக்டரி நாய் எப்படி இருக்கு?’ என்று யாரோ மாதிரி போனில் விசாரித்தேன். எந்தக் கூண்டு என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. உன் நாய் எந்தக் கூண்டில் படுத்திருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாரம் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவதுதான் அவர்கள் வழக்கம். அதனால் விடுகிற நாளைப் போனில் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலையில் நான் ஐஸ் ஃபேக்டரி வாசலில் போய் நின்றேன். அதே வண்டி, அதே ஆள். கதவைத் திறந்ததும் காரப்பொடி இறங்கி நேராக என்னிடம் ஓடி வந்தது. வால் மட்டும் இல்லை, உடம்பே ஆடியது. குனிந்து தலையைத் தடவினேன். இடது காது நுனியில் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. கருத்தடை முடிந்த தெரு நாய்க்கெல்லாம் அடையாளத்துக்காக அப்படி வெட்டுவார்களாம். நான் வாயால் சொன்னதை அவர்கள் அதன் காதில் எழுதிவிட்டார்கள் நைனா. இனி அது அழியாது.

அப்போதுதான் கன்னியம்மா அக்கா வந்தார். உன் படகு மீனை ஏலம் எடுத்து விற்பாரே, அவரேதான். கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தார்.

“அய்ய, இது நம்ம டிரைவர் வூட்டுக் காரப்பொடியாச்சே! ஏன் செல்வி, தொலஞ்சி பூட்ச்சா?” என்று கேட்டவர், காதைப் பார்த்ததும் வண்டிக்காரர் பக்கம் திரும்பினார். “யோவ், வூட்டு நாயிக்கும் தெரு நாயிக்கும் வித்தியாசம் தெரியாதா உனுக்கு? எத்தப் பார்த்தாலும் புட்ச்சிகினு பூடுவியா? காதை வேற அறுத்துகினு வந்துகிற பாவி! அந்த மனுசன் உசுரோட இருந்தா உன்ன சொம்மா வுட்டிருப்பாரா?”

கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ‘இந்தம்மாதான் போன் பண்ணாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாய்க்காரி என்று ஊரில் பெயர் வாங்கிய உன் மகளுக்கு அன்றைக்கு வாய் அடைத்துப் போயிற்று. திட்டு ஓய்ந்ததும் அவர் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், “புண்ணு ஆர்ற வரிக்கும் நக்க வுடாதீங்கம்மா. வூட்டுக்குள்ளயே வெச்சிக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். வண்டி போன பிறகு அக்கா கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஏலக் கூடத்தில் சோறு போட்டு வளர்த்த செவலை நாய் ஒன்று உண்டு, நீயும் பார்த்திருப்பாய். போன வாரம் மீன் ஏற்ற வந்த வேன் அதன் இடுப்பில் ஏறிவிட்டதாம்.

“இவனுங்களுக்குத்தான் எம்புள்ள போன் போட்டான் செல்வி. கூண்டு அல்லாம் ரொம்பி கீதாம், ரெண்டு நாளு களிச்சிதான் வர முடியுமாம். ரெண்டு நாளு எப்டி தாங்கும்? ஐஸ் பொட்டிங்களுக்குப் பின்னால போய்ப் படுத்துச்சி. தண்ணி ஊத்துனேன். அவ்ளோதான், பூட்ச்சி.”

எந்த நாள் என்று கேட்டேன். காரப்பொடியை நான் ஏற்றி அனுப்பிய நாளின் சாயங்காலம்.

அந்தக் கடைசிக் கூண்டில் படுத்திருந்தது நம் காரப்பொடிதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் உண்மையிலேயே யாரும் இல்லாத நாய்களுக்கு என்று வைத்திருந்த இடத்தில், பேங்கில் பணம் வைத்திருந்த நான் என் நாயைப் படுக்கவைத்தேன். ஆபரேஷன் இலவசம் என்று நினைத்தேன். எனக்குப் பதிலாகச் செவலை கட்டியிருக்கிறது. இதை எப்படிச் சொன்னாலும் திருட்டுதானே நைனா? வேறு ஏதாவது பெயர் இருந்தால் நீ சொல்லேன்.

பணம் கட்டினால் மனசு ஆறும் என்று நினைத்து, சேகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த இருபத்தைந்தாயிரத்தை டிரஸ்ட்டுக்கு அனுப்பினேன். பிரியாணி நூறு பேரிலிருந்து முப்பது பேருக்குக் குறைந்துவிட்டது. மறுநாளே ரசீது வந்தது. ‘வாயில்லா ஜீவன்களின் மேல் தாங்கள் கொண்ட கருணைக்கு நன்றி’ என்று எழுதியிருந்தார்கள். சேகர், “இன்னும் ஒர்த்தருக்குப் பாக்கி கீதுமே” என்றார். கன்னியம்மா அக்காவைத்தான் சொன்னார்.

காரப்பொடிக்கு ஊசி போட்டாயிற்று. லீவு போட்டு, வரிசையில் நின்று நானே போட்டுக்கொண்டு வந்தேன். மாநகராட்சி உரிமத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன், வளர்ப்பவர் என்ற இடத்தில் என் பெயர். இதெல்லாம் இனிமேல் தவறாது. ஆனால் நான் உனக்குத் தரவேண்டிய வாக்கு இது இல்லை.

இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கன்னியம்மா அக்காவால் மட்டும் படிக்க முடியாது. அவருக்கு எழுத்து தெரியாது. ஊருக்கெல்லாம் எழுதிவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது நைனா, அவரிடம் வாயால்தான் சொல்ல வேண்டும். உன் நினைவு நாளில் அவர் வந்து உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லி ஒரு வாய் சாப்பிடுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். நாளைக்கு ஏலம் முடிகிற நேரம் போகிறேன். கூட்டம் இருக்கும்போதே சொல்வேன், அந்த வண்டிக்காரரைத் திட்டியவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன். அக்கா கூடையைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தாலும் நின்று வாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகும் அவர் நம் வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு உன் படத்தை நிமிர்ந்து பார்ப்பேன்.

உன் மூத்த பொண்ணு,
செல்வி